மேகம் ஏறிய கிரேன்

அவளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேகம் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அண்ணன் கேலிக்கு வைத்த பெயர். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும், பார்வை ஜன்னலைத் தாண்டி எங்கேயோ இருக்கும். "மேகம் மிதக்க ஆரம்பிச்சாச்சு" என்பான் அவன். கல்யாணமாகிப் போன வீட்டிலும் அந்தப் பெயர் அவளுக்கு முன்பே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

இப்படி மிதக்கிறவள் பிழைப்புக்குச் செய்த வேலை, போனில் காப்பீடு விற்பது. நீளமான ஹால், மேஜைக்கு மேஜை அட்டைத் தடுப்பு, காதில் ஹெட்செட். பக்கத்து மேஜைக்காரி பேசினால் கல்லும் கரைந்து பாலிசி எடுக்கும். மேகம் கூப்பிட்டால் எதிர்முனையில், "தூங்கிட்டிருந்தேங்க" என்று ஒரு குரல் கேட்கும். "ஐயோ, சரிங்க, நீங்க தூங்குங்க" என்று இவள் வைத்துவிடுவாள். வைத்த பிறகு, அந்த மனிதர் தூங்கும் அறை எப்படி இருக்கும், திரைச்சீலை என்ன நிறம், மின்விசிறி சத்தம் போடுமா என்று யோசனை ஓடும். மேலாளர் வந்து மேஜையைத் தட்டுவார்.

ஒரு நாள் அந்த அலுவலகத்தையே மூடினார்கள். போகிறவர்கள் மனம் கோணாதிருக்க, ஆளுக்கொரு நாள் வேலை வழிகாட்டி மையத்தில் ஆர்வமும் திறமையும் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். மேகம் போவதாக இல்லை. "இத்தனை வயசுக்கு மேல எனக்கு என்னத்த சோதிச்சுக் கண்டுபிடிக்கப் போறாங்க?" என்றாள்.

அதே வீட்டில் இருந்த நாத்தனார் விடவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொல்வதை ஊசி மாதிரிச் சட்டென்று இறக்கிவிடுவாள். "ரத்தம் சோதிக்கிறோம், சர்க்கரை சோதிக்கிறோம். உங்களுக்கு என்ன பிடிக்கும்னு ஒருத்தர் கேக்கறேங்கறாரு, அதுக்கு மட்டும் கசக்குதா அண்ணி?"

மையம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மாடியில் இருந்தது. அங்கே இருந்தவர் சட்டைப்பையில் மை கசிந்த, ஓயாமல் தும்முகிற ஒரு மனிதர். ஜன்னலோர மேஜையைக் காட்டி, "சரி தப்பு எதுவும் கிடையாதுங்க. மனசுல பட்டதச் சொல்லுங்க" என்றார்.

முதலில் கேள்விகள். பத்துப் பேரோடு பேசிச் சிரிப்பது பிடிக்குமா, தனியாக ஒன்றைச் செய்து முடிப்பது பிடிக்குமா? பெரிய பொருள் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா, சலித்துவிடுமா? மேகத்துக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. சமையல் வருமா, வேகமாகப் பேச வருமா என்றெல்லாம் அவளைக் கேட்டிருக்கிறார்கள். பிடிக்குமா என்று கேட்டதாக நினைவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் வாயில் போட்ட மிட்டாய் மாதிரிக் கரையவிட்டுக் கரையவிட்டுப் பதில் எழுதினாள்.

பிறகு திறமைச் சோதனைகள். மடித்து ஓட்டை போட்ட காகிதம் விரித்தால் எப்படி இருக்கும், இந்தப் பல்சக்கரம் இப்படிச் சுழன்றால் கடைசிச் சக்கரம் எப்படிச் சுழலும் என்று படம் படமாக வந்தது. கடைசியில் ஒரு கருவி. இரண்டு கையிலும் இரண்டு குமிழ். ஒன்று திரையிலிருக்கும் புள்ளியை மேலும் கீழும் நகர்த்தும், மற்றது பக்கவாட்டில். வளைந்து வளைந்து போகும் பாதையில், கோட்டைத் தொடாமல் புள்ளியைக் கொண்டு போகவேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அறை அவளிடமிருந்து விலகிப் போனது. புள்ளி ஒரு படகாயிற்று. பாதை ஆறாயிற்று. கைகள் தன்னுடையவைதானா என்றுகூடத் தெரியாமல் இரண்டு கரைகளுக்கு நடுவே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தாள். எங்கோ தூரத்தில் யாரோ தும்மினார்கள்.

"முடிஞ்சிடுச்சுங்க" என்றார் மையத்துக்காரர், இரண்டாவது தடவையாக.

"இன்னொரு வாட்டி பண்ணட்டுமா சார்?" என்றாள் மேகம். அவர் அவளைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார்.

முடிவைச் சொல்லும்போது அவர் சுற்றி வளைக்கவில்லை. "அடுத்தவங்கள இணங்க வைக்கிற வேலை உங்களுக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. இத்தனை நாள் என்ன வேலைங்க பார்த்தீங்க?"

சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மிவிட்டார். மேகத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீரும் வந்துவிட்டது. தன்னிடம் ஏதோ குறை என்று இத்தனை காலம் சுமந்தது, வெறும் அளவு தப்பிய செருப்புதானா!

"இடத்தையும் தூரத்தையும் மனசுலயே அளக்கறீங்க. ரெண்டு கையும் ரெண்டு வேலை பார்க்குது. சலிக்காம கவனிக்கறீங்க. ஸ்கேன் எடுக்கலாம், வரைபடம் போடலாம், துறைமுகத்துல கிரேன் ஓட்டலாம். இது கைரேகை இல்லங்க, பக்கத்துல போய்ப் பார்த்துட்டு முடிவெடுங்க" என்றார்.

கிரேன் என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள்.

துறைமுகத்தில் பார்வையாளராக ஒரு நாள் அனுமதி கிடைத்தது. கூட்டிப் போனவள் அவளைவிட இளையவள், கையுறையை இடுப்பில் செருகிய பயிற்சியாளர். "வாங்கக்கா" என்று மின்தூக்கிக்குள் அழைத்தாள். கப்பலைவிட உயரத்தில் கதவு திறந்தது. அங்கிருந்து கேபினுக்குப் போகக் கம்பி வலை போட்ட நடைபாதை. வலையின் கண்கள் வழியாகக் கீழே தண்ணீர் மின்னியது. மேகம் இரண்டு கையாலும் கைப்பிடியைக் கட்டிக்கொண்டாள். எப்படி நடந்தாள், கேபினில் எத்தனை நேரம் இருந்தாள், எப்படி இறங்கினாள் என்று எதுவும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து போர்வைக்குள் புகுந்துகொண்டாள்.

மறுநாள் மையத்துக்குப் போய், "உங்க சோதனை தப்பு சார்" என்றாள்.

"உயரத்தைப் பத்தி அதுல கேக்கவே இல்லயேங்க" என்றார் அவர், வெட்கத்தோடு. பிறகு, "பயம் எங்க இருந்துச்சு? போற வழியிலயா, சீட்டுலயா?"

மேகம் யோசித்தாள். சீட்டில் உட்கார்ந்ததும் காலடியில் கண்ணாடித் தரை. அதன் வழியாகச் சரக்குப் பெட்டிகள் சிவப்பும் பச்சையுமாக, குழந்தை அடுக்கி வைத்த கட்டைகள் போலக் கிடந்தன. ஒரு பெட்டி கம்பிகளில் தொங்கி மெல்ல ஆடிக்கொண்டே ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது கைப்பிடியைத் தேடினாளா? இல்லை. பயம் முழுக்க அந்த நடைபாதையில் கிடந்தது.

அன்று மாலை புருஷனிடம் சொன்னாள். அவன் பேருந்து ஓட்டுநர். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டவன், டம்ளரைக் கீழே வைத்தான். "எனக்கு என் ரூட்டுல வர்ற பெரிய பாலம் ஏறும்போதெல்லாம் பயம்தான்" என்றான்.

"நிஜமாவா? எங்கிட்ட சொன்னதே இல்லயேங்க?"

"ஓட்டுநர் இதச் சொன்னா பஸ்ஸுல எவன் ஏறுவான்? இன்னைக்கும் பயந்தேன். ஸ்டியரிங் கையில இருக்கு, பின்னாடி ஜனம் உக்காந்திருக்கு. பாலம் முடிஞ்சிடும், நானும் மறந்துடுவேன்."

"அப்ப வீட்டுக்கு ரெண்டு பயந்தாங்கொள்ளிங்க" என்றாள் நாத்தனார் அடுப்படியிலிருந்து.

மேகம் பயிற்சியில் சேர்ந்தாள். நடைபாதை அவளிடம் இரக்கம் காட்டவில்லை. தினமும் கைப்பிடியைப் பிடித்து, எதிரே கேபின் கதவை மட்டும் பார்த்து நடந்தாள். இளைய பயிற்சியாளர் அவசரப்படுத்தாமல் பின்னால் வந்தாள். கதவு சாத்தியதும் வேறு உலகம். கீழே கத்துகிற லாரிகளின் சத்தம் மேலே வரும்போது கொசு ரீங்காரமாகிவிடும்.

பெட்டி ஆடுவதுதான் பெரிய பாடு. ஆட்டத்தை எதிர்த்து இழுத்தால் இன்னும் ஆடும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கூடப் போய், ஒரு கணம் அதோடு நிற்கவேண்டும். அடங்கிவிடும். இதைப் புத்தகத்தில் படித்தபோது புரியவில்லை. கையில் நெம்புகோல் வந்ததும் கைக்குப் புரிந்தது. கூடப் படித்த பையன்கள் பெட்டியோடு மல்லுக்கட்ட, இவள் தூக்கம் வராத குழந்தையைத் தோளில் போட்டு உலாத்துகிறவள் மாதிரி அதைக் கொண்டு போனாள். எழுத்துத் தேர்வில் ஒரு தடவை தோற்றாள். மின்சாரப் பகுதி மண்டையில் ஏறவில்லை. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைத்து, அடுத்த தடவை கரை சேர்த்தாள்.

வேலை கிடைத்து முதன்முதலாகத் தனியாக ஏறிய காலையில் மூடுபனி. துறைமுகத்தையே காணவில்லை. பனி விலகும்வரை வேலை நிறுத்தம் என்று வாக்கி டாக்கி சொன்னது. மேகம் இருக்கையில் சாய்ந்து, கண்ணாடித் தரைக்குக் கீழே வெண்மை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையைத் தட்ட யாரும் வரவில்லை. இங்கே காத்திருப்பதும் வேலைதான்.

வெயில் ஏற ஏறப் பனி கிழிந்தது. முதலில் ஒரு கப்பலின் முனை, பிறகு மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒரு மனிதர், பிறகு நீல நிறப் பெட்டி ஒன்று. அவள் கம்பிகளில் தொங்கும், பெட்டியைப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தை இறக்கினாள். நான்கு மூலையும் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரிந்தது. பெட்டி எழுந்தது, கொஞ்சம் ஆடியது. அவளும் அதோடு கொஞ்சம் போனாள். அடங்கியது. மிச்சப் பனிக்குள் நுழைந்து வெளியே வந்து, லாரியின் முதுகில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"உக்காந்துடுச்சுக்கா" என்றது வாக்கி டாக்கியில் கீழேயிருந்து ஒரு குரல். "அடுத்தத எடுங்க."

"எடுக்கறேன் தம்பி" என்றாள் மேகம். நெம்புகோலைத் தன் பக்கம் மெல்ல இழுத்தாள்.