வண்டி வரும் நாளில் ஒரு முகூர்த்தம்

பொன்னேரி மார்க்கெட்டில் மத்தியானம் ஆகிவிட்டால் மீன்காரிகளின் குரல் இறங்கிவிடும், விலையும் கூடவே இறங்கும். அன்றைக்கு கோவிந்தம்மா மட்டும் கடைசிக் கூறு மடவை மீனை விற்காமல் வைத்துக்கொண்டு, ஈரச் சாக்கால் மூடுவதும் திறந்து பார்ப்பதுமாக இருந்தாள். விலை கேட்டு வந்த இரண்டு பேரை அவளே துரத்திவிட்டாள். மீஞ்சூரிலிருந்து முத்தம்மாள் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். வந்து அவள் சொல்லப்போகிற வார்த்தையைப் பொறுத்துத்தான் கோவிந்தம்மாவின் மகள் சின்னப்பொண்ணுக்குக் கல்யாணம் ஆவதும் ஆகாததும்.

சின்னப்பொண்ணுக்கு இருபத்திரண்டு வயது. பெண்ணிடம் ஒரு குறையும் கிடையாது, குறையெல்லாம் ஊருக்குப் போகிற வழியில்தான். ஏரிக்கரையில் இருக்கிற ஓடைக்குப்பத்துக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவே நாலு மைல் மண்பாதை. அந்தப் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓர் உப்போடை. தண்ணீர் ஏறினால் இடுப்பளவு, இறங்கினால் முழங்கால் சேறு, படகு விட்டால் அடி தட்டும். பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்கள் திரும்பிப் போயிருந்தன. மூன்றாவதாக வந்தவர்கள் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கமே நின்று யோசித்துவிட்டு, கொண்டுவந்த பூவும் பழமும் கையில் இருக்கவே நடையைக் கட்டிவிட்டார்கள்.

முத்தம்மாள் வந்து சேரும்போது மணி இரண்டு. அவள் மகன் பச்சையப்பன் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டருக்கு உதவியாள். சின்னப்பொண்ணு இதே மார்க்கெட்டில் இறால் விற்கும்போது பார்த்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன். முத்தம்மாளும் கெட்டவள் இல்லை. அவள் அண்ணன் ஓடைக்குப்பத்துக்கு ஒருமுறை வந்து, ஓடையில் வழுக்கி விழுந்து, கைக்கடிகாரத்தைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து அவர் அந்தப் பேச்சை விடவில்லை.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு சம்பந்தி," என்றாள் முத்தம்மாள். "கல்யாணம் மீஞ்சூர்லயே இருக்கட்டும். நீங்க பொண்ணையும் ஜனங்களையும் வண்டி வச்சிக் கூட்டினு வந்துடணும். சேத்துக் காலோட வந்து எறங்குனா கம்பெனிக்காரங்க முன்னால எங்க மானம் பூடும். எங்க அண்ணன் அதுக்குன்னே காத்துக்கினு கீறாரு."

கோவிந்தம்மா ஆகட்டும் என்று சொல்லி, மடவையை ஓலைப்பெட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டாள். முத்தம்மாள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வண்டிக்கு எங்கே போவது என்று யோசித்தாள். பொன்னேரியில் லாரி வைத்திருந்த இரண்டு பேரிடம் போய்க் கேட்டாள். ஒருவன் ஊர்ப்பெயரைக் கேட்டதுமே முடியாது என்றான். இன்னொருவன் படகுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டு வரச் சொன்னான்.

அந்த வாரம்தான் தேர்தலில் நிற்கிற மில்லுக்காரரின் ஆள் பூவராகவன் ஓட்டுக் கேட்க ஓடைக்குப்பம் வந்தான். சைக்கிளில் ஏறி வந்தவன் ஓடையில் சைக்கிளைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு கரை சேர்ந்தான். வலை காயப்போடும் திடலில் ஜனம் கூடியது. அவன் ரோடு என்று வாயெடுத்ததுமே சிரிப்பு கிளம்பிவிட்டது.

சிரிக்கமாட்டார்களா பின்னே. அறுபத்திரண்டில் மில்லுக்காரர் நேரிலேயே வந்து, முழங்கால் சேற்றில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அடுத்த மாசி இதே இடத்தில் தார் ரோடு என்றார். ஜெயித்தார். அறுபத்தேழில் அவரை எதிர்த்து நின்ற வக்கீல் வந்தார். அவர் ஒரு படி மேலே போய், சங்கிலி பிடித்து அளக்க ஆள் அனுப்பி, வரிசையாகச் சிவப்பு முளை அடிக்க வைத்தார். அவரும் ஜெயித்தார். அந்த முளைகளில் நாலு வருஷமாக ஊர்ப் பெரியதனக்காரர் துலுக்காணத்தின் ஆடுகள்தான் கட்டிக் கிடக்கின்றன. இந்தத் தடவை ஒருத்தருக்கும் ஓட்டு கிடையாது, ஓட்டு நாளில் எல்லாரும் ஏரிக்குப் போய்விடுவது என்று துலுக்காணம் பேசி முடித்திருந்தார். அதை அவர் பூவராகவனின் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தார்.

பூவராகவனுக்கு வியர்த்துவிட்டது. ரோட்டை விட்டுவிட்டு வண்டிக்குத் தாவினான். யாரும் நடக்கவே வேண்டாம், ஓடைக்குப் பனங்கட்டை போட்டுப் பலகை அடித்து, காலையில் ஏழு மணிக்கு லாரியை ஊருக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்றான்.

ஓரமாக உட்கார்ந்து கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்த கோவிந்தம்மாவின் கை நின்றது.

"கட்டை போட்டா லாரி வந்துடுமா?"

"ஒரு நாளைக்குத்தானேக்கா, தாராளமா வரும்."

மறுநாள் கோவிந்தம்மா பொன்னேரிக் கோயில் ஐயரிடம் போய் ஓட்டு நாள் தேதியைச் சொல்லிப் பஞ்சாங்கம் பார்க்கச் சொன்னாள். பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் நல்ல முகூர்த்தம் என்றார் அவர். முத்தம்மாளுக்குச் சொல்லியனுப்பியபோது, ஓட்டுக்காக அன்றைக்குக் கம்பெனியே லீவு, ஆள் கூட்டிவர வசதி என்று பதில் வந்தது. இதற்கு மேலும் சாமி வந்து காதில் ஓதவேண்டுமா என்று கோவிந்தம்மாவுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போகும்போது ஓடையைத் துள்ளிக்கொண்டு தாண்டினாள்.

துலுக்காணம்தான் முறுக்கிக்கொண்டார். பேசி முடித்த பேச்சை மாற்றுவதா என்றார். "ரோடு குடுக்கமாட்டான்னு தெரிஞ்சிபோச்சு அண்ணாத்தே," என்றாள் கோவிந்தம்மா. "வண்டி குடுக்கறான். அதையாச்சும் வாங்கிக்கலாம். எம் பொண்ணு கால்ல சேறு படாம போவட்டும்."

அவள் புருஷன் செங்கல்வராயன் பொதுவாக வாயே திறக்காதவர். வலைக் கிழிசலைப் பொத்தினபடியே அன்றைக்குத் திறந்தார். "போன தபா இன்னா ஆச்சு? ஓடைக்கு அந்தாண்ட வண்டில ஏத்திக்கினு போனானுங்க, ஓட்டுப் போட்டு வெளிய வந்தா வண்டியக் காணம். நடந்துதானே வந்தோம்? அதனால தாலி ஏறினப்புறந்தான் ஓட்டு. முன்னாடி போட்டோம்னா நடுரோட்ல உட்டுட்டுப் பூடுவானுங்க." திடலே அவரைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷமாக இந்த மூளையை எங்கே வைத்திருந்தார் என்று கோவிந்தம்மாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

துலுக்காணமும் இறங்கிவந்தார். ஊரில் மொத்தம் நூற்று நாற்பது ஓட்டு. லாரி முதலில் மீஞ்சூருக்குப் போகப் பூவராகவன் ஒப்புக்கொண்ட சேதி எட்டிய மறுநாளே வக்கீலின் ஆள் ரங்கசாமி ஓடி வந்து, பெண்ணுக்கு மெத்தை வைத்த வேன் என்றான். சரி, வேனில் பெண், லாரியில் ஜனம் என்று கோவிந்தம்மா இரண்டு பேருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்புச் சொன்னாள். முதலில் மீஞ்சூர், தாலி, சாப்பாடு, அப்புறம் ஓட்டு. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் முறைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

ஓட்டு நாள் காலையில் ஊரே ஓடைக்கரையில் நின்றது. எட்டுப் பனங்கட்டைகள், மேலே பலகை. லாரி அதன்மேல் அடிமேல் அடி வைத்து வந்தது. நடுவில் ஒரு கட்டை முனகியபோது பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். லாரியும் பின்னாலேயே வேனும் கரை ஏறியதும் கிளம்பிய கூச்சலில் கோழிகள் ஏரிப்பக்கம் ஓடின. ஓடைக்குப்பத்துக்குள் மோட்டார் வண்டி நுழைந்தது அதுதான் முதல் தடவை. நண்டு விற்கிற அங்காளம்மாள் லாரிக்கு முன்னால் தேங்காய் உடைத்துச் சக்கரத்துக்குக் குங்குமம் வைத்தாள். அவள் கோவிந்தம்மாவின் நாத்தனார், எதையும் முறைப்படி செய்கிறவள்.

வேனின் தலையில் ஒலிபெருக்கி. வக்கீலுக்கு ஓட்டுக் கேட்டு அது கத்திக்கொண்டே முன்னால் போக, லாரியில் உட்கார்ந்திருந்த மேளக்காரர் அதற்குப் போட்டியாக வாசித்துக்கொண்டே வந்தார். மீஞ்சூரில் வேட்பாளர்தான் வருகிறார் என்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வேன் கதவு திறந்து சின்னப்பொண்ணு இறங்கினாள். முத்தம்மாளின் அண்ணன் முதலில் பார்த்தது அவள் கால்களைத்தான். மஞ்சளும் மருதாணியுமாக, ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் இருந்தன. பின்னால் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்த ஜனத்தைப் பார்த்து, பெண் வீடு பெரிய இடம் போல என்று யாரோ கம்பெனிக்காரர் சொன்னது கோவிந்தம்மாவின் காதில் விழுந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொண்டாள், அடுப்பு என்னவோ கொல்லைப்பக்கம் இருந்தது.

பதினொன்றே காலுக்குத் தாலி ஏறியது. அதிலிருந்து இரண்டு ஏஜெண்டுகளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஓட்டு ஐந்து மணிவரைதான். ஓடைக்குப்பம் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது, பாயசத்தை இன்னொரு கை கேட்டது. மூன்று மணிக்கு ரங்கசாமி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எச்சில் இலை எடுக்க ஆரம்பித்தான். பூவராகவன் ரசவாளியைத் தூக்கிக்கொண்டு கடைசிப் பந்திக்கு ஓடினான். இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரு காரியம் செய்ததை அந்த ஜனம் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தது.

வேன் இருக்கிற தைரியத்தில் முத்தம்மாள், மாப்பிள்ளையும் பெண்ணும் இன்றைக்கே மறுவீட்டுக்குப் போய்வரட்டும் என்று உடன் அனுப்பினாள். நாலேகாலுக்கு இரண்டு வண்டியும் ஓட்டுச்சாவடி இருந்த பஸ் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் வந்து நின்றன. சின்னப்பொண்ணு மாலையோடு வரிசையில் நின்று, மஞ்சள் பூசிய விரலில் மை வாங்கிக்கொண்டாள். கடைசி ஆளாகச் செங்கல்வராயன் வெளியே வந்தபோது மணி ஐந்து. வேனையும் காணோம், லாரியையும் காணோம், ஏஜெண்டுகளையும் காணோம்.

அவர் எல்லாரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவ்வளவுதான், நடை தொடங்கிவிட்டது. கல்யாணப் பாத்திரங்கள் தலைக்கு ஏறின, மேளக்காரர் நடந்துகொண்டே வாசித்தார். வழியில் யார் யாருக்குப் போட்டார்கள் என்ற பேச்சு வந்தது. அங்காளம்மாள் கூச்சமே இல்லாமல் உண்மையைச் சொன்னாள். வலையில் விழுந்த மீனைக் கரையில் பிரிக்கும்போது படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு வைப்பதுதானே முறை? போனது இரண்டு பேர் வண்டியில். அதனால் கொடுத்த சீட்டில் இரண்டு சின்னத்துக்கும் ஆளுக்கொரு முத்திரை குத்திவிட்டு வந்திருந்தாள். நானும் அப்படித்தான் என்று முன்னாலிருந்து ஒருத்தி சொன்னாள், பின்னாலிருந்து நாலு பேர் சொன்னார்கள். துலுக்காணம் துண்டை உதறிக்கொண்டு நடையை எட்டிப் போட்டதிலேயே அவர் குத்தியதும் தெரிந்துவிட்டது.

புது மாப்பிள்ளை பச்சையப்பனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ரெண்டுல குத்துனா அது செல்லாத ஓட்டுங்க அத்தை," என்றான் மெதுவாக.

மேளம் நின்றது. கோவிந்தம்மா தலையிலிருந்த அண்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"இத்தினி வருசமா ஒண்ணுல குத்தனமே மாப்ள, அது மட்டும் செல்லிச்சா?"

எல்லாரும் சிரித்த சிரிப்பில் வரப்புக் கொக்குகள் எழுந்து போயின. அங்காளம்மாளுக்குப் புரையேறிவிட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஓடை வந்துவிட்டது. காலையில் அவர்களை ஏற்றிப் போன அதே லாரி கரையில் நின்றது. நாலு ஆட்கள் கடைசிப் பனங்கட்டையைக் கயிறு போட்டு இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பலகைகள் முன்பே ஏறிவிட்டன. நாங்கள் கடந்துபோகிறவரைக்கும் பொறுக்கக்கூடாதா என்று துலுக்காணம் கேட்டார். டிரைவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். "மரவாடிக்காரன் கட்டைய அஞ்சு மணிவரைக்குந்தான் வாடகைக்குக் குடுத்தான் பெரியவரே. நான் இன்னா செய்யறது."

தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. பச்சையப்பன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையைப் பார்த்தான்.

"எப்பவுமே இப்டித்தானா?"

"ஒரே ஒரு நாளு தவுர," என்றாள் சின்னப்பொண்ணு. கூறைப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினாள். "என் கையப் புடிச்சிக்க. நான் வச்ச எடத்துலயே காலு வையி. அந்தப் பக்கம் போனா உங்க மாமன் வாச்சு கெடைச்சாலும் கெடைக்கும்." அவன் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் இறங்கினான். மருதாணி பூசிய அவள் கால்கள் சேற்றுக்குள் போயின.

பின்னாலேயே ஊர் முழுக்க இறங்கியது. லாரி உறுமிக்கொண்டு பஸ் ரோட்டுப் பக்கம் புறப்பட்டது. அதன் பின்கதவில் ஒட்டியிருந்த படத்தில் மில்லுக்காரர் பல் தெரியச் சிரித்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டே போனார். ஓடைக்குள் ஒரு கையில் புடவையும் ஒரு கையில் அண்டாவுமாக நின்ற ஜனத்தில், பதிலுக்குக் கும்பிட ஒருத்தருக்கும் கை ஒழியவில்லை.