மிதக்கும் பிரிட்ஜும் முருகதாஸ் அண்ணனும்

மஸ்கட்டிலிருந்து அண்ணன் முருகதாஸ் கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்து சுபிதா சந்தோஷப்பட்டது மொத்தம் ஐந்து நிமிடம். விமானத்தில் ஏதாவது ஆகிவிடுமாம். ஆறு கம்பிகளையும் கழற்றிவிட்டு, பெட்டியைச் சுற்றி டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தான். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ், கம்பி இல்லாததால் பின்னால் சரிந்து குழிக்குள் உட்கார்ந்திருந்தது.

அது ஓரிடத்தில் நிற்கிற பிரிட்ஜ் இல்லை. கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, கிட்டாரின் முதுகுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்க, நடுவில் மிதக்கும். ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற ஐந்தின் சுருதியும் இறங்கும். அவற்றை ஏற்றினால் முதல் கம்பி இறங்கும். காலையிலிருந்து இதே கூத்து. மாலை ஆறு மணிக்கு நாகர்கோவிலில் பெனினின் இசைக்குழுவுக்கு வாசித்துக் காட்டியாக வேண்டும். இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த ஒரே வாய்ப்பு. "ட்யூன் நிக்கல்லன்னா கீபோர்டுலயே கிட்டார் சத்தம் எடுத்துக்கிடுவோம்" என்று பெனின் முன்பே சொல்லியிருந்தான். புதுசு வருகிற தைரியத்தில் இரவல் கிட்டாரையும் அவள் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

"ஏட்டி, நீ அங்கோட்டு மாறு. உள்ள ஒரு முட்டு குடுத்து பிரிட்ஜ மட்டமா நிறுத்தணும். பொறவு ட்யூன். பொறவு முட்டு தானா விழுகது வரைக்கும் ஸ்பிரிங் ஆணிய முறுக்கணும். நான் வீடியோ பாத்தாச்சு" என்றான் முருகதாஸ்.

அவர்கள் வீடு கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. அங்கே கதவு ஆடினாலும் ரப்பர், மேசை ஆடினாலும் ரப்பர். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி, மடித்துத் திணித்தான். ட்யூன் பிடித்தது. ஆணியை முறுக்கினான். ரப்பர் விழுந்தது. ஆறு கம்பிகளும் சுருதி ஏறிப்போய் நின்றன. மறுபடியும் அப்படியே, அதற்கடுத்த தடவையும் அப்படியே. நாலாம் தடவை சுபிதா ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுங்கியது, விட்டதும் பொங்கியது.

"அண்ணே, இது ஆணிய முறுக்க முறுக்க விரியுது. இது விழும்போ பிரிட்ஜ் எப்பிடி மட்டத்துல நிக்கும்?"

"நல்ல முதல்தர ரப்பராக்கும்!"

சுபிதா விறகிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சீவி, ரப்பருக்குப் பதிலாக வைத்தாள். அரைமணி நேரத்தில் மரம் கழன்று விழ, பிரிட்ஜ் மட்டமாக நின்றது. சுருதி அசையவில்லை.

"இப்ப பாரு!" என்று முருகதாஸ் பிரிட்ஜில் நீட்டிக்கொண்டிருந்த, சுருதியை ஏற்றி இறக்கும் லிவரைப் பிடித்து ஓங்கி மேலே இழுத்தான். மெல்லிய கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பி வாங்கவில்லை. மணி ஐந்து, இனி கடை ஏறவும் நேரமில்லை.

"ஒண்ணுதானே போச்சு? அஞ்சு இருக்குல்லா?"

ஒன்று போனதும் மற்ற ஐந்தும் தாறுமாறாகியிருந்தன. சுபிதாவுக்கு அழுகையும் வந்தது, அவனை அடிக்கக் கையும் வந்தது. மரத்துண்டை இப்போது எதிர்ப்பக்கம் இறுக்கித் தட்டினாள். பிரிட்ஜ் மிதப்பதை நிறுத்தியது. ஐந்து கம்பிகளையும் ட்யூன் செய்துவிட்டு, "வண்டிய எடு" என்றாள்.

நாகர்கோவிலில் மூன்று பாட்டு வாசித்தாள். பெனின் கடைசிவரை கிட்டாரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே கேட்டான்.

"ஞாயித்துக்கெழம ரிகர்சல். ஆறு கம்பியோட வா" என்றான்.

வாசலில் நின்ற அண்ணனைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள், வந்தது அழுகை. முருகதாஸின் முகம் செத்துப்போனது.

"கிடைக்கல்லியா மக்கா? எல்லாம் என்னாலதான்" என்றான். காலையிலிருந்து அவன் சொன்னதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

வீடு திரும்பும் வழியில் பூதப்பாண்டி தாண்டும்வரை அவள் உண்மையைச் சொல்லவில்லை.