நாலாவது தரம்

“உந்தப் போனுக்குள்ள ஆம்பிளைக் குரல் எப்பிடிப் பிள்ளை வந்தது? வீட்டில நானும் நீரும்தானே இருக்கிறம்.”

“அதுதான் அக்கா எனக்கும் விளங்கேல்லை. பக்கத்து வீட்டு றேடியோவோ?”

“றேடியோக்காரன் எனக்குப் பின்னால நிண்டு ‘வலை’ எண்டு சொல்லுவானே?”

வீட்டுக்காரி சீதேவி சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

துஷாந்தினி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கணினிதான் பாடம். மொழியியலைத் துணைப்பாடமாக எடுத்தது, அம்மாவின் வாயால் சொன்னால், சும்மா இருக்கேலாத குணத்தால். நெடுந்தீவுப் பேச்சைப் பதிவுசெய்யக் காலைப் படகில் வந்தவள், வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு சொல்லையும் மூன்று தரம் சொல்லவைத்தாள். சரிபார்க்கப் போட்டுக் கேட்டபோது, சீதேவியின் மூன்றுக்கும் பிறகு நாலாவதாக ஓர் ஆண்குரல் அதே சொல்லைச் சொன்னது. ஈரம் ஊறிய குரல், அவசரமேயில்லாத குரல்.

“இன்னொருக்காப் போடும்.”

போட்டாள். வெளியே கல்வேலியின் மேல் வெயில் அசையாமல் கிடந்தது. ‘தண்ணி’ மூன்று தரம். பிறகு அவன்: தண்ணி.

சீதேவியின் கை நெற்றிப் பொட்டுக்குப் போனது.

“இவர்தான்.”

மாசியில் கடலுக்குப் போன அவள் புருஷன் இலட்சுமணன் திரும்பவில்லை. படகுமில்லை, உடம்புமில்லை. அவனுடைய சொந்தக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாளைக்குத் தர்ப்பையில் அவன் உருவத்தைச் செய்து கொளுத்துவதென்று முடிவெடுத்திருந்தார்கள். கொளுத்தினால் அவன் செத்தவன். பொட்டை அழித்தபின் அவனைத் தேடச் சொல்லி யாரிடம் போய் நிற்பாள்?

“அழிச்சுப்போடுறன் அக்கா. போனில ஏதோ பிழை.”

“அழிச்சீரெண்டால் கையை முறிப்பன்.” கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டாள். “கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொல்லுறாரெல்லே.”

“மறுமொழி இல்லை அக்கா. நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லுறார், அவ்வளவுதான்.”

‘சொல்லுறார்’ என்று தன் வாயே சொல்லிவிட்டதில் துஷாந்தினிக்கு முதுகு கூசியது.

சீதேவி போனைப் பறித்துப் பதிவுப் பொத்தானைத் தானே அமத்தினாள். சிவப்புப் புள்ளி மினுங்கியது. அவள் வாயைக் கிட்ட வைத்து, ஆறுதலாக, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொன்னாள்.

“உயிரோட இருக்கிறன். உயிரோட இருக்கிறன். உயிரோட இருக்கிறன்.”

நாலாவதுக்கு இடம் விட்டுக் காத்திருந்தாள். அறையில் ஒரு சத்தமுமில்லை. பிறகு பதிவை நிற்பாட்டி, போனை நீட்டினாள்.

“போட்டுக் காட்டும் பிள்ளை.”