தம்புராக்காரருக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

1

இந்தக் கதை பிறந்தது என் வாயில். மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை மனத்தில் பிறக்குமாம். என் மனத்தில் எதுவும் அவ்வளவு நேரம் தங்குவதில்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்பதிலிருந்து, எந்த மாப்பிள்ளை எந்தப் படகில் வந்து இறங்கினான் என்பது வரை விசாலாக்ஷி மாமியைக் கேட்டால் தெரியும் என்பார்கள். பாராட்டாகச் சொல்வதில்லை.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. தெருப் பிள்ளைகளுக்கு இப்போது வாசிக்க வருவது மலையாளம்தான். தமிழில் எழுதினால் பெட்டியில் வைத்துப் பூட்டின மாதிரி.

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

"1983-இல் மேடையைத் திருப்பிப் போட்டபோது..." (யார் திருப்பினார்கள் என்று உடனே கேட்பீர்கள். அதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.)

"ஜெயலக்ஷ்மி என்றொரு அழகான..." (அழகி இல்லை. தெருவே சாட்சி. எடுத்துவிட்டேன்.)

"சுக்கு காயப்போடும் முற்றம் ஒன்று இருந்தது." இது இருக்கட்டும்.

2

சுக்கு காயப்போடும் முற்றம் ஒன்று இருந்தது. கடைத்தெருக் கிடங்கு ஒன்றுக்குச் சொந்தம். தை, மாசியில் அதில் இஞ்சி காயும். பங்குனியில் சரக்கு மூட்டைக்குள் போனதும் முற்றம் சும்மா கிடக்கும். அதிலிருந்து மழை தொடங்கும் வரை, சனிக்கிழமைதோறும், கோடைக்கென்றே தெருவில் இருந்த வேனல் சபை அங்கே பலகை மேடை போட்டுக் கச்சேரியும் நடனமும் நடத்தும். கூரை கிடையாது. பகலெல்லாம் வெந்த கல்தளத்தில் நாலு மணிக்கே மூக்கம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டுவாள். இஞ்சி அள்ளுகிற வேலைக்கு ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்தவள்.

"இந்தக் கல்லு குடிக்கிற தண்ணிக்கு ஒரு தென்னந்தோப்பே வெச்சிரலாம், மாமி" என்பாள். தளம் புஸ்ஸென்று ஆவி விடும். பிறகுதான் நாற்காலி வரும்.

மேடையின் முதுகுப்புறம், மதிலை ஒட்டி, ஒரு மாடிவீடு. மாடியில் ஒரே ஜன்னல். ஜன்னலில் ஜெயலக்ஷ்மி.

வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறாள். அப்பா வாஞ்சிநாதன் பக்கவாதம் வந்து ஒன்பது வருஷமாகக் கட்டிலில். இடது கையும் காலும் அசையாது. வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. சாயங்காலத்தில் அவரை விட்டு அவளால் நகர முடியாது. ஆகவே ஒன்பது வேனலாக அத்தனை கச்சேரியையும் முதுகுப் பக்கத்திலிருந்தே பார்த்தாள். நடன நாட்களில் அவளுக்குக் கிடைத்தது பின்னலும் குஞ்சலமும்தான்.

3

முன்னால் உட்கார்ந்து கச்சேரி கேட்கிறவர்களுக்குப் பாடகர் தெரிவார், வயலின் தெரியும், மிருதங்கம் தெரியும். தம்புரா மீட்டுகிறவர் பாடகருக்குப் பின்னால் இருப்பார். அவர் வந்தாரா இல்லையா என்பதையே யாரும் கவனிப்பதில்லை. இப்போது பின்னாலிருந்து பாருங்கள். தம்புராக்காரர்தான் கச்சேரி. மற்றவர்கள் எல்லாம் அவருக்கு அப்பால் எங்கேயோ.

அவர் பெயர் வெங்கிட்டு. நாற்பது தாண்டிய பிரம்மசாரி. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஆபீஸில் குமாஸ்தா. தம்புரா சபையுடையது, விரல் மட்டும் அவருடையது.

ஒரு சனிக்கிழமை, கைமாற்றாக வாங்கின காபிப்பொடியைத் திருப்பிக் கொடுக்க ஜெயலக்ஷ்மி வீட்டுக்குப் போனேன். (பொய். எட்டிப் பார்க்கத்தான் போனேன். காபிப்பொடி வழித்துணை.) கச்சேரி அப்போதுதான் முடிந்திருந்தது.

"இன்னிக்கு வெங்கிட்டு சாருக்கு நன்னா அமைஞ்சுது, மாமி" என்றாள்.

"அவர் எங்கேடி பாடினார்? பாடினது பாலக்காட்டுக்காரரன்னா?"

"அவரா? அவர் பாட்டுக்கு அவர் பாடிண்டிருந்தார்."

அந்த முதுகு அவளுக்குப் பாடம். சுருதி சுத்தமாகச் சேரும்போது தோள் ஒரு விரற்கடை இறங்கும். இடது காதுக்குப் பின்னால் மச்சம். காலர் கிழிந்தால் அவரே தைத்துக்கொள்வார், நூல் வேறு நிறமாக இருக்கும். ஒரு வருஷம் மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்தார். அவருடைய அம்மா போய்விட்டாள் என்று அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. அன்றைக்குக் கச்சேரி முடியும் வரை அறை விளக்கை அணைத்துவிட்டு நின்றாள். துக்கம் விசாரிக்க அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்து பேனாவை மூடிவிட்டேன். முதுகை மட்டும் பார்த்து ஒருத்திக்குப் பிரியம் வருமா? என் வீட்டுக்காரரின் முகத்தை முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை யோசித்ததும் நம்பிக்கை வந்துவிட்டது.)

4

முதல் பிரதியில் இப்படி இருந்தது: "சாயங்கால வெயில் சந்து வழியாக வந்து முன்வரிசைக்காரர்கள் கண்ணில் அடித்ததால், சபை மேடையை எதிர்ப்புறம் மாற்றியது."

வெயில் அடித்தது உண்மை. ஆனால் அது ஒன்பது வருஷமாக அடித்துக்கொண்டிருந்தது.

சரி, சொல்லிவிடுகிறேன். அந்த மாசியில் படகுத்துறையில் வெங்கிட்டுவைப் பார்த்தேன். நாக்கு சும்மா இருக்கவில்லை.

"உமக்கு ஒரு ரசிகை உண்டாக்கும், தெரியுமோ?"

"எனக்கா? நான் பாடறதே இல்லையே, மாமி."

"பின்னே? பாடறவாளை அவ பார்க்கறதே இல்லை. உம்ம முதுகுக்குப் பின்னாடி ஒரு ஜன்னல் உண்டு. ஒன்பது வருஷமா நிக்கறா."

மனிதர் அந்தப் படகை விட்டுவிட்டார். அடுத்த படகையும்.

அதற்கப்புறம், சபைக் கூட்டத்தில் வாயே திறக்காதவர் மூன்று கூட்டம் தொடர்ந்து வெயிலைப் பற்றிப் பேசினார். செயலாளர் சிவசங்கரன் அலுத்துப்போய், "ஓய், கண்ணுல அடிக்கறது முன்வரிசைக்கு. உமக்கு முதுகுலயாக்கும் அடிக்கறது. உமக்கெந்தா?" என்று கேட்டும் விடவில்லை. பங்குனியில் மேடை முற்றத்தின் மறுகோடிக்குப் போனது. இனி தம்புராக்காரரின் முகம் அந்த ஜன்னலைப் பார்த்து இருக்கும். அவ்வளவுதான் அவர் போட்ட கணக்கு.

5

தெருவே ஜெயலக்ஷ்மியை வாழ்த்தியது. "இனி உனக்கு ஓசியில முன்வரிசையாக்கும்!"

முதல் கச்சேரிக்கு நானும் அந்த ஜன்னலில் போய் நின்றேன், என் கைங்கரியத்தைப் பார்க்க. பாடகர் நல்ல ஆகிருதி. அவர் தலைக்கு மேலே தம்புராவின் நுனி மட்டும் தெரிந்தது. வெங்கிட்டு இருக்கிறார் என்பதற்கு வேறு அடையாளம் இல்லை. அவருக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கிருந்து பார்த்தால் ஜன்னலின் மேல்பாதியும் விளக்கும்தான் தெரியும். ஒரேயொரு தடவை பக்கவாட்டில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். சுருதி நழுவியது, பாடகர் திரும்பி முறைத்தார். அந்த நிமிஷம் பார்த்து ஜெயலக்ஷ்மி அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்க உள்ளே போயிருந்தாள். நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"நன்னா தெரியறதா?" என்று கேட்டேன், அவள் திரும்பி வந்ததும்.

"எல்லாம் தெரியறது, மாமி. பாடறவருக்கு மூணு மோதிரம்" என்றாள். குரல் எங்கேயோ இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

திங்கட்கிழமை படகுத்துறையில் வெங்கிட்டு என்னைத் தேடி வந்தார்.

"ஜன்னல் சாத்தியிருக்கே, மாமி."

"காத்து அடிச்சு மூடிண்டிருக்கும்."

"இல்லை. முதுகு வரைக்கும் சரியா இருந்தது. இப்போ மூஞ்சியைப் பார்த்தாச்சோல்லியோ." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சாரமில்லை, போட்டும். வர்ற சனிக்கிழமையோட நான் நிறுத்திக்கறேன். சிவசங்கரன்கிட்ட சொல்லியாச்சு, வேற ஆள் பார்த்துக்கட்டும்."

'அவளுக்கு உம்ம மூஞ்சி தெரியவே இல்லை' என்று அங்கேயே எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம். வாயைத் திறந்தேன். 'அதற்குள் படகு வந்துவிட்டது' என்று எழுதினால் நம்புவீர்கள். படகு வரவில்லை. பயந்துவிட்டேன். ஒருதரம் வாய் திறந்ததற்கே ஒரு மேடை இடம் மாறியிருக்கிறது.

6

சனிக்கிழமை சாயங்காலம். (எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுச்சுவர். காதை வைத்தேனா என்று கேட்காதீர்கள்.)

"ஏண்டி ஜன்னலைச் சாத்தி வெச்சிருக்கே?" இது வாஞ்சிநாதன்.

"ஒண்ணும் தெரியறதில்லைப்பா."

"எனக்கு ஒன்பது வருஷமா ஒண்ணும் தெரியலை. காது இருக்கு, போறாதா? அதைத் திறந்து வை. நீ கீழே போய்க் கேளு. கஞ்சி நேரத்துக்கு வந்தா மதி, அது போறும்."

"உங்களைத் தனியா விட்டுட்டா?"

"நான் எங்கே ஓடிடப் போறேன்?"

நான் அவளுக்கு முன்னால் ஓடிவந்து நாலாவது வரிசையில் ஓரத்து நாற்காலியைப் பிடித்துவிட்டேன். அந்த ஓரத்திலிருந்து மேடையின் பக்கவாட்டும் பின்பக்கமும் தெரியும். நாலைந்து பாட்டு ஆன பிறகு ஜெயலக்ஷ்மி வந்தாள். நாற்காலிகள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மூக்கம்மாளிடம் போனாள்.

"பின்னாடி போக வழி உண்டா?"

"பின்னாடி என்னக்கா இருக்கு? சுக்கு மூட்டைதான்."

"அது போறும்."

மேடைக்குப் பின்னால் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். கையை நீட்டினால் வெங்கிட்டுவின் சட்டையைத் தொடலாம். மச்சம், காலர், வேறு நிற நூல், எல்லாம் முன்னைவிடக் கிட்டத்தில். ஆனால் அன்றைக்குத் தோள் இறங்கவில்லை. எந்த ராகத்துக்கும் இறங்கவில்லை. ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். இதுதான் அவருக்குக் கடைசிச் சனிக்கிழமை என்பது அவளுக்குத் தெரியாது.

அவரோ திறந்து கிடக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிகிறது. அதில் யாரும் நிற்கிற நிழல்கூட இல்லை.

7

முடிவு மூன்று எழுதினேன்.

சுக்குத் தூசி மூக்கில் ஏறி ஜெயலக்ஷ்மி தும்ம, அவர் திரும்புகிறார். (எங்கள் தெரு மூக்குக்குச் சுக்கில் தும்மல் வராது. பிறந்ததிலிருந்து பழக்கம். அடித்தேன்.)

கரண்ட் போய், இருட்டில் அவள் மெல்ல... (வேண்டிய நேரத்தில் கரண்ட் போகிற ஊர் வேறு எங்காவது இருக்கும்.)

நான் எழுந்து நின்று, "வெங்கிட்டு, பின்னாலே..." (இந்த வரியை அடிக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை.)

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். இந்த வாய் ஒருதரம் திறந்து ஆன காரியம் போதும்; புடவைத் தலைப்பை வைத்து அதைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பக்கத்து நாற்காலி காலி. நீங்கள் வந்து உட்காருங்கள். கண்ணால் ஒரு ஜாடை காட்டினால் போதும், திரும்பிவிடுவார். காட்டாமலும் இருக்கலாம். எதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

ஆனால் சீக்கிரம். மங்களம் தொடங்கியாகிவிட்டது. கஞ்சிக்கு நேரமாகிறது, ஜெயலக்ஷ்மி மூட்டையிலிருந்து எழுந்து, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டுகிறாள். வெங்கிட்டு ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். நம் வரிசையைத்தான் பார்க்கிறார்.