ஜாயின்ட் இல்லாத இடம்

டெஸ்டர் என்றால் தெருவுக்கே தெரியும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் இருக்கும். அப்படி வந்த பெயர். இருபத்தைந்து வருஷமாக வயரிங் வேலை. எங்காவது லூஸ் ஜாயின்ட்டைப் பார்த்துவிட்டால் போதும், போட்டவனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டுத்தான் டேப் சுற்றுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனை அவர் மனைவி தினமும் சாயங்காலம் வாசலில் நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். குடியை விட்டு இரண்டு வருஷம் ஆயிற்று. ஆனால் மூன்று மாதமாகப் பொழுது சாய்ந்தால் இடது இமை தொங்குகிறது, நாக்கு குழறுகிறது, ஸ்க்ரூ டிரைவர் கையை விட்டு நழுவுகிறது. பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? அவர் ஊதுவார். வாடை இருக்காது.

"வாடை வராத சரக்காப் பார்த்துப் பிடிச்சிட்டீங்களாக்கும்" என்பாள். இந்த மாதம் முடிந்தால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாகவும் சொல்லிவிட்டாள். குடித்த நாளில் பொய்யைச் சொல்லி நம்ப வைத்தவருக்கு, இப்போது உண்மையைச் சொல்லி நம்ப வைக்க வழி தெரியவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் நரம்பு டாக்டரிடம் போனார். அவளும் கூடவே வந்தாள், கையும் களவுமாகப் பிடிப்பதற்கு.

டாக்டரம்மா அவர் கட்டைவிரல் பக்கம் ஒரு வில்லையை ஒட்டி, மணிக்கட்டில் சின்னச் சின்ன ஷாக்காகக் கொடுத்தார். முதல் ஷாக்குக்குத் திரையில் கோடு ஜம்மென்று எழுந்தது. இரண்டாவதுக்குக் கொஞ்சம் குட்டை. நாலாவதுக்குப் பாதிதான்.

"வோல்டேஜ் ட்ராப்!" என்று டெஸ்டர் துள்ளினார். "வயர் எங்கயோ போயிருக்கு மேடம்."

"வயர் அருமையா இருக்கு. நரம்புல கரண்ட் உங்க வயர்ல மாதிரி ஓடாது. உப்பு உள்ள பாயும், வெளிய பாயும், ஒவ்வொரு இடத்துலயும் புதுசாக் கிளம்பும். முதுகுலேர்ந்து கால் விரல் வரைக்கும் போனாலும் துளி குறையாது."

"துளிகூடவா? அடேங்கப்பா! அப்ப ஜாயின்ட்லதான் கோளாறு."

"அங்க ஜாயின்ட்டே கிடையாது" என்று டாக்டரம்மா சிரித்தார். "நரம்பு தசையைத் தொடவே தொடாது. நடுவுல முடியைவிட ஆயிரம் மடங்கு சின்ன இடைவெளி. கரண்ட் அங்க நின்னுடும். நரம்பு நுனி ஒரு ரசாயனத்தைக் கொட்டும். அது அந்தப் பக்கம் போய்த் தசையில இருக்கிற கொக்கிகளைத் தொடும், தசை இழுக்கும். கொட்டினதை உடனே இன்னொண்ணு துடைச்சிடும். கண் சிமிட்டுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். நோய்க்கிருமியை விரட்டுற உங்க உடம்போட காவல்காரங்களே ஆள் தெரியாம பாதிக் கொக்கியை அடைச்சிட்டாங்க. வேலை செய்யச் செய்யக் கொட்டுறது குறையும், மிச்சக் கொக்கி பத்தாது. அதான் சாயங்காலம் தொங்குது."

டெஸ்டர் தன் கையைப் புதிதாகப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெய் சிலிர்த்துவிட்டது. "ஊரையே திட்டினேனே! எனக்குள்ள ஒரு ஜாயின்ட்கூடப் போடாம வயரிங் பண்ணி, ஐம்பது வருஷமா ஓடியிருக்கே! எவ்வளவு பெரிய வேலைக்காரன்!"

"குடிச்சாலும் இமை இப்படித் தொங்குமே மேடம்" என்றாள் மனைவி. அவள் அசைகிற ஆளா?

டாக்டரம்மா ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து, ஒரு ரப்பர் கையுறையில் போட்டு அவள் கையில் கொடுத்தார். "நீங்களே அவர் கண்மேல வைங்க. குளிர்ல அந்தத் துடைக்கிற வேலை மந்தமாகும். ரசாயனம் கொஞ்சம் கூட நேரம் நிக்கும்."

அவள் வைத்தாள். இரண்டு நிமிஷம் ஆயிற்று. எடுத்தாள்.

இமை மேலே ஏறியிருந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சாயங்கால வேளையில் டெஸ்டர் அவளை இரண்டு கண்ணும் திறந்து பார்த்தார். அவள் கையிலிருந்த கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்யும்" என்று டாக்டரம்மா சீட்டு எழுதினார்.

வீடு வந்து சேர்வதற்குள் இமை மறுபடி இறங்கிவிட்டது. வாசலில் டெஸ்டர் பழக்கதோஷத்தில் நின்று, ஊதுவதற்கு வாயைத் திறந்தார்.

அவள் சட்டென்று அந்த வாயைக் கையால் பொத்தினாள். அந்த ஐஸ் கையுறையை வழியெல்லாம் விடாமல் பிடித்திருந்த கை இன்னும் சில்லென்று இருந்தது.

"வேண்டாங்க" என்றாள். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. "உள்ள வாங்க."