சத்தம் போடாத லெப்டொப்

எழும்பினேன். பல் துலக்கினேன். தண்ணீர் கொதித்ததும் மகள் ஸாதியாவுக்குப் பால்மா கரைத்தேன். மிஞ்சியதில் எனக்குத் தேநீர். அவளைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டேன். தலை சீவும்போது சீப்பைப் பறித்தாள். கொடுத்தேன். ஓட்டமாவடியிலிருந்து மாமி வந்ததும் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். என் மனைவி சப்னா மௌத்தாகி அடக்கிய பிறகு காலைகள் இப்படித்தான்.

ட்ரோன் எடுக்கும் படங்களை ஒட்டி வரைபடமாக்குவது என் வேலை. இப்போது கையில் இருப்பது வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டைகள். வயலில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று காட்ட வேண்டும். என் பழைய லெப்டொப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. சனிக்கிழமைக்குள் வரைபடம் வந்தால் ஏறாவூரில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், இல்லாவிட்டால் கொழும்புக்கு வா என்று அலுவலகம் சொல்லிவிட்டது. கொழும்பு என்றால் பிள்ளை மாமியோடு ஓட்டமாவடியில் வளரும். நான் போன் திரையில் தெரியும் வாப்பா.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. இறங்கி நடக்கலாமா என்று பார்த்தேன்.

காத்தான்குடியில் மர்சூக் காக்கா பாவித்த லெப்டொப் விற்கிறார். சப்னாவுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டை மேசையில் வைத்தார். ஒன்று மெல்லிய வெள்ளி நிறம். மற்றது தடித்த கறுப்பு, விசைகளில் அரபு எழுத்து.

"இது டுபாய்ல ஒரு எஞ்சினியர் பாவிச்ச."

"உங்கட கடையில எல்லாத்தையும் எஞ்சினியர்தான் பாவிச்சிரிக்காங்க, காக்கா."

"டுபாய்க்குப் போனா நாங்களும் எஞ்சினியர்தானே, தம்பி."

எனக்கு மெல்லியதுதான் வேண்டியிருந்தது. அதில் சத்தமே இல்லை. எங்கள் வீடு ஒரே அறை. ஸாதியா தூங்கும்போதுதான் நான் வேலை செய்ய முடியும். கரண்டி விழுந்தாலும் எழும்பிவிடுவாள்.

படங்களை இரண்டிலும் ஏற்றி ஓடவிட்டேன். பிறகு ஏசியை நிறுத்தச் சொன்னேன்.

"லெப்டொப் வாங்க வந்தீங்களா, என்ன அவிக்க வந்தீங்களா?"

"வீட்டுல ஏசி இல்ல, காக்கா. இந்தக் குளிர்ல எதுவும் ஓடும்."

நிறுத்தினார். பள்ளியில் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னது.

"தொழுதிட்டு வருவமே?"

"இது ஓடிக்கிட்டு இரிக்கி."

"அது ஓடட்டும். அதுக்கா கடமை?"

நான் எழும்பவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

உட்கார்ந்தேன். எழுந்தேன். கண்ணாடிக் கதவு வரை போய்த் திரும்பினேன். மெல்லியதன் அடியில் கை வைத்தேன், சுட்டது. சத்தம் மட்டும் இல்லை. இதுவே போதும், இதுவே போதும் என்று அதன் முன்னால் நின்றேன். பாதி தாண்டியதும் நினைவகம் போதாது என்று காட்டி நின்றது. மீண்டும் ஓடவிட்டேன். அதே இடத்தில் நின்றது.

கறுப்பு இரைந்துகொண்டே ஓடியது. திரையில் வட்டைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வரம்புகள், வாய்க்கால், வெள்ளம் நின்ற இடம். முழுதும் வந்துவிட்டது.

காக்கா கதவைத் திறந்தார். "என்ன தம்பி, ஹெலிகொப்டர் இறங்கின மாதிரி இரிக்கி! காத்தாடியைக் கழற்றித் துடைச்சித் தரவா?"

துடைத்துத் தந்தார். ஓடவிட்டுப் பார்த்தோம். இரைச்சல் குறையவில்லை.

"இதத்தான் எடுக்கிறன்" என்றேன்.

பையில் வைத்துக் கட்டும்போது குரலைத் தாழ்த்தினார். "கேக்கக் கூடாதுதான். சப்னா மௌத்தாகக்குள்ள கலிமா சொன்னவவா?"

எல்லோரும் கேட்கிறார்கள். அல்லாஹ் ஒருவனே என்ற கலிமாவோடு போனாள் என்று தெரிந்தால் அவர்களுக்கு மனம் ஆறுகிறது. எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன்.

"ஓம், காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

டெங்கு வார்டில் கடைசி நேரம் நான் இல்லை. அதற்கு முதல் நாள் பின்னேரம் கடைசியாக எனக்குப் போன் எடுத்தாள். பழைய லெப்டொப் இரைந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஸாதியா தூக்கம். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அத மூடி வைங்க. புள்ள எழும்பிடும்" என்றாள்.