மொட்டு பட்ட இடம்

என் நலங்கு அன்று காலில் மஞ்சள் பூச வந்த ஜெயக்கொடி, என் புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கியதும் அலறிக்கொண்டு எழுந்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள். விரல் பட்டாலே உயிர் போய்விடும்.

"குஷ்டம்டி இது! எம் புள்ள வெற்றிவேலுக்கு இந்தப் பொண்ணு வேணாம்." பெருங்களத்தூர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். கல்யாணம் நின்றது. அப்பா கடைத்தெருவுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

தாம்பரத்தில் தோல் டாக்டரிடம் போனேன். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் காலைத் தொட்டுத் தொட்டு எங்கே என்று கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னேன்.

"ரோஹிணி, இது தொண்டைப் புண்ணுக்கு அப்புறம் வர்ற கட்டி. தானா ஆறிடும். தொழுநோய்லயும் சிலருக்கு இப்படி வலிக்கிற கட்டி வரும். ஆனா அது முகம், கைன்னு பரவலா வரும். வெளுத்த திட்டு, உணர்ச்சி இல்லாத இடம்னு வேற அடையாளமும் இருக்கும். உங்களுக்கு அது எதுவும் இல்ல."

கட்டிகள் கன்றிப்போய் மறைந்தன. என் வயிற்றெரிச்சல் மறையவில்லை.

அடுத்த ஆவணியில் எங்கள் தெரு உதயாவை வெற்றிவேலுக்குப் பேசினார்கள். அவளுடைய நலங்குக்கு எனக்கும் அழைப்பு. கொலுசு போட்டு, பளிச்சென்ற காலை அந்தப் பொம்பளையின் கண்ணில் காட்டத்தான் போனேன்.

மஞ்சள் கிண்ணத்தை எடுக்கக் குத்துவிளக்குக்கு மேலே கையை நீட்டினாள் ஜெயக்கொடி. மணிக்கட்டில் தேமல் போல ஒரு வெளுத்த திட்டு. சுடர் அதை நன்றாகவே தொட்டது. அவள் கையை இழுக்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம், நோய் முற்றி அவள் விரல் மடங்கட்டும் என்று. அது எனக்குப் போதவில்லை.

"நலங்குன்னா விளையாட்டு வேணாமா அத்தை? கண்ண மூடுங்க. நான் எங்க தொடறேன்னு சொல்லணும்."

பெண்கள் கைதட்டினார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் முறைக்க முடியாமல் கண்ணை மூடினாள். ஒரு மல்லிகை மொட்டால் உள்ளங்கையைத் தொட்டேன். சொன்னாள். முழங்கையைத் தொட்டேன். சொன்னாள். பிறகு அந்தத் திட்டிலேயே தொட்டேன். மறுபடியும் தொட்டேன்.

"இன்னாடி, தொடவே காணோம்?" என்று சிரித்தாள் ஜெயக்கொடி. வேறு யாரும் சிரிக்கவில்லை.

"தொட்டுக்கினேதான் இருக்கேன் அத்தை. எனக்கு வந்தது வலிச்சுது. குஷ்டம்னா இப்படித்தான், ஒண்ணுமே தெரியாது. மாத்திரை ஆஸ்பத்திரியில சும்மாவே குடுக்கறாங்க, குணமாயிடும். நாளைக்கே போயிடுங்க."

உதயாவின் அம்மா மஞ்சள் கிண்ணத்தை மெதுவாக ஜெயக்கொடியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். உதயா காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தொட்டால் ஒட்டாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை.